புதர்க் காய்ச்சலும் கடைக் காய்ச்சலும்

காரணம் பிடிபடாத காய்ச்சலோடு வருபவருக்கு ‘வெயில்-ஃபெலிக்ஸ்’ என்ற ரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டின் சிறுநகர மருத்துவமனைகளில் இன்னும் உண்டு. முடிவுத் தாளில் மூன்று வரிகள் வரும்: ஓஎக்ஸ்-19, ஓஎக்ஸ்-2, ஓஎக்ஸ்-கே. கடைசி வரியில் அளவு ஏறியிருந்தால் மருத்துவரின் சந்தேகம் ‘ஸ்க்ரப் டைபஸ்’ பக்கம் திரும்பும். அந்தக் ‘கே’ எங்கிருந்து வந்தது என்று தாளை வாங்குபவர் கேட்பதில்லை. எழுதிக் கொடுப்பவருக்கும் பெரும்பாலும் தெரிந்திருக்காது. அது கோலாலம்பூரிலிருந்து போன எழுத்து. புதரைக் குறிக்கும் ‘ஸ்க்ரப்’ என்ற அடைமொழியும் அங்கேதான் அந்த நோயோடு ஒட்டிக்கொண்டது. லாலான் புல்லிலும் எண்ணெய் தரும் செம்பனைக்கு அடியிலும் வேலை செய்துவிட்டுக் காய்ச்சலில் படுத்த மலாயாத் தொழிலாளிகளைப் பார்த்து வைத்த பெயர் அது.

கோல சிலாங்கூர் மாவட்டத்தின் கடலோரம் நெல்லும் தென்னையுமாக இருக்கும். உள்ளே போகப் போக ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை என்று தோட்டங்கள் தொடங்கும். (பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயர் மலாய்க் காதுக்கு அவ்வளவு இங்கிதமாக இல்லை என்று 2007-ல் அதைப் பெஸ்தாரி ஜெயா ஆக்கினார்கள், தோட்டத்துப் பெரியவர்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது.) மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் உருவானது. காப்பி சரிப்பட்டு வராத நிலத்தில் 1917-ல் செம்பனை நட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930-ல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கியவர். அவர் நட்டது செம்பனை. தோட்டத்தின் பெயரோ தென்னமரம். நாட்டின் பொருளாதாரத்தையே பின்னால் மாற்றிய ஒரு பயிரின் பிறந்தவீட்டுக்கு இப்படி ஒரு தமிழ்ப் பெயர் வாய்த்ததை அரசாங்க விழாக்களில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

மலாயாச் செம்பனையின் விதை வழி, சுமத்ராவின் டெலி வட்டாரத்துக்குப் போகும். புதர்க் காய்ச்சலைப் பரப்பும் சிற்றுயிர்களில் ஒன்றின் அறிவியல் பெயரிலும் அதே டெலி இருக்கிறது. 1920-களின் தொடக்கத்தில் வால்க் என்ற ஆய்வாளர் அதற்கு ‘டெலியென்சிஸ்’ என்று பெயர் சூட்டினார். அதற்கும் முன்பே டெலியின் புகையிலைத் தோட்டங்களில் ஷுஃப்னர் என்ற மருத்துவர் ‘டெலியின் போலி டைபஸ்’ என்று ஒரு காய்ச்சலைப் பற்றி எழுதியிருந்தார். ஆக, காட்டை அழித்துத் தோட்டம் போட்ட இடங்களில் இந்தக் காய்ச்சல் இருப்பது சிலாங்கூருக்கு முன்பே தெரிந்த சங்கதிதான். அது எத்தகைய காய்ச்சல் என்பதில்தான் குழப்பம்.

ரப்பர்த் தோட்டத்தைவிடச் செம்பனைத் தோட்டம் இந்த நோய்க்கு ஏன் தோதாக இருந்தது என்பதற்கு விளக்கம் எளிது. அந்தக் காலத்து ரப்பர்க் காட்டில் துரைமார் களையை விட்டுவைக்கவில்லை. தரை தெரியும்படி செதுக்கி வைக்கச் சொல்வார்கள். செம்பனையில் கதை வேறு. கன்று வளர்ந்து மட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிழல் கட்டச் சில வருஷம் பிடிக்கும். அதுவரை வரிசைகளுக்கு நடுவே கொடியும் லாலானும் மண்டும். காய்ப்புக்கு வந்த பிறகோ, குலையிலிருந்து உதிரும் பழம் எலிக்கு விருந்து. வெட்டி அடுக்கிய மட்டைக் குவியல் எலிக்கு வீடு. எலி பெருகிய இடத்தில் அதன் ரத்தத்தையும் உடல் நீரையும் நம்பி வாழும் பூச்சிகளும் பெருகும்.

பூச்சி என்று பொதுவாகச் சொல்லிவிட்டாலும், புதர்க் காய்ச்சலைப் பரப்புவது சிலந்தி இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய பேன். வளர்ந்த பேன் மண்ணுக்குள் கிடந்து பூச்சி முட்டைகளைத் தின்று வாழ்கிறது. அதற்கு மனிதனும் வேண்டாம், எலியும் வேண்டாம். கடிப்பது அதன் குஞ்சுப் பருவம் மட்டுமே. ஆறு கால்கள், கால் மில்லிமீட்டருக்கும் குறைவான உடல். புல் நுனியிலோ சருகிலோ ஏறி, சூடான உடம்பு எதுவும் உரசாதா என்று காத்திருக்கும். ஒட்டிக்கொண்டால் சில நாள் உறிஞ்சிவிட்டு உதிர்ந்துவிடும். வாழ்நாளில் அந்த ஒரே ஒரு விருந்துதான். அப்படியானால் ஒருவரிடமிருந்து கிருமியை எடுத்து இன்னொருவருக்கு அது எப்படிக் கொடுக்க முடியும்? கொடுப்பதில்லை. தாய்ப் பேனிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குக் கிருமி சொத்தாக வந்து சேர்கிறது. கடிக்கும் குஞ்சு கிருமியோடுதான் பிறக்கிறது. கொசுவுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது. நோயாளியைத் தனிமைப்படுத்துவதால் ஒரு பயனும் இல்லை. நோயைத் தேக்கி வைப்பதும் பரப்புவதும் அதே பேன்தான், அதே மண்தான்.

அந்த மண்ணும் ஒரே சீராக இருப்பதில்லை. சில மீட்டர் அகலத் திட்டில் பேன்கள் குவிந்திருக்கும். பக்கத்துத் திட்டில் ஒன்றும் இராது. மலாயாவில் இதை ஆராய்ந்த ஜே. ஆர். ஆடி இவற்றைத் தீவுகள் என்றே அழைத்தார். ஒரே கும்பலில் போய் ஒரே நிரையில் வேலை செய்த பத்துப் பேரில் ஒருவர் மட்டும் பத்து நாள் கழித்துப் படுத்துவிடுவதற்குக் காரணம் இந்தத் தீவுகள்தான். கடும் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, சிவந்த கண். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், ஈரல், மூளை என்று ஒவ்வொன்றாகப் பற்றும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு உண்டாகலாம். ஆனால் அது எல்லாரிடமும் தோன்றுவதில்லை. தோன்றினாலும் அக்குளிலோ தொடையிடுக்கிலோ ஒளிந்திருக்கும். கறுத்த தோலில் சட்டென்று கண்ணில் படாது.

‘டைபஸ்’ என்பது கிரேக்கச் சொல். புகை, மூட்டம் என்று பொருள். காய்ச்சலில் அறிவு மங்கி, கூப்பிட்டால் வெறித்துப் பார்க்கும் நோயாளியைக் குறிக்க, 18-ஆம் நூற்றாண்டில் சோவாஜ் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதை நோய்ப் பெயராக்கினார். ஐரோப்பாவுக்குத் தெரிந்த டைபஸ், சிறையிலும் போர்முனையிலும் உடுப்பில் வாழும் வேறொரு வகைப் பேனால் பரவியது. அதைத் துரத்திப் போனவர்களை அது விட்டுவைக்கவில்லை: அமெரிக்கர் ஹோவர்ட் ரிக்கெட்ஸ் 1910-ல் மெக்சிகோ நகரில் அதிலேயே இறந்தார், புரோவாசெக் 1915-ல் ஜெர்மனியில் இறந்தார். இருவரின் பெயரையும் சேர்த்துக் கிருமிக்கு ‘ரிக்கெட்சியா புரோவாசெக்கி’ என்று வைத்தார்கள்.

முதல் உலகப் போரின் கிழக்கு முனையில் எட்மண்ட் வெயிலும் ஆர்தர் ஃபெலிக்சும் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். டைபஸ் நோயாளியின் சிறுநீரிலிருந்து எடுத்த ‘புரோட்டியஸ்’ என்ற பாக்டீரியாவை அதே நோயாளிகளின் ரத்த நீரோடு கலந்தால், அது திரிந்து கட்டிக்கொள்கிறது. அந்தப் பாக்டீரியாவுக்கும் டைபஸுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மேற்பூச்சில் ஏதோ ஒரு பொருள் தற்செயலாக ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். ஆனால் சோதனைக்கு அது போதும். ஓஎக்ஸ்-19 பிறந்தது இப்படி. முதலெழுத்து ‘ஓ’, ‘படலம் இல்லாத’ என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் சுருக்கம். வெயிலும் 1922-ல் ஆய்வகத்தில் தொற்றிய டைபஸால் இறந்துபோனார்.

கோலாலம்பூரில் அப்போது மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இருந்தது. 1900-ல் காலனிய ஆட்சியாளர் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் காலத்தில் தொடங்கிய நிறுவனம். அங்கே பணியாற்றிய வில்லியம் ஃபிளெட்சரை மலேசியத் தமிழர் இன்னொரு காரணத்துக்காகவும் தெரிந்துவைத்திருக்கலாம். 1905-ல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் ஒரு பாதிப் பேருக்குத் தீட்டிய பச்சரிசியும் மறுபாதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்து, பெரிபெரி நோய் பச்சரிசிப் பக்கமே விழுவதைக் காட்டியவர் அவர். தோட்டங்களில் புழுங்கலரிசிச் சோறு தின்ற தமிழர்களை அந்நோய் ஏன் அதிகம் தொடவில்லை என்று நெடுநாளாக மருத்துவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கேள்விக்கு அது விடை. யார் எங்கே எதைத் தின்றார், எதைச் செய்தார் என்று பார்க்கும் கண் ஃபிளெட்சருக்கு முன்பே பழகியிருந்தது.

1920-களின் நடுவில் ஃபிளெட்சரும் ஜே. ஈ. லெஸ்லரும் மலாயாவில் டைபஸ் போன்ற காய்ச்சல் ஒன்று இருப்பதாக எழுதத் தொடங்கினார்கள். வெயில்-ஃபெலிக்ஸ் சோதனைக்கு அவர்களிடம் இரண்டு புரோட்டியஸ் வித்துகள் இருந்தன. ஒன்று வார்சாவிலிருந்து வந்தது; அதற்கு ‘டபிள்யூ’ என்று குறி. மற்றொன்று அவர்களுடைய சக மருத்துவர் கிங்ஸ்பரி லண்டனிலிருந்து கொண்டுவந்தது, அதற்கு ‘கே’. இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் என்று எதிர்பார்த்துத்தான் வைத்திருந்தார்கள். செய்யவில்லை. சில நோயாளிகளின் ரத்தம் வார்சா வித்தைத் திரித்தது, கிங்ஸ்பரியின் வித்தைத் தொடவில்லை. வேறு சிலரிடம் நேர் தலைகீழ். சோதனை கெட்டுவிட்டது என்று குப்பையில் போட்டுவிட எல்லா நியாயமும் இருந்தது.

அவர்கள் நோயாளிகளின் தொழிலைப் பார்த்தார்கள். வார்சா வித்தைத் திரித்தவர்கள் பெரும்பாலும் நகரத்தார்: கடைவீட்டில் வேலை, மூட்டைகளுக்கு நடுவே தூக்கம். கிங்ஸ்பரி வித்தைத் திரித்தவர்கள் வெளிவேலைக்காரர்கள்: தோட்டம், புல்வெளி, வெட்டிவிட்டு மறுபடி முளைத்த புதர். ஒரே பெயரில் இரண்டு நோய்கள் உலவிக்கொண்டிருந்தன. முதலாவதைக் ‘கடை டைபஸ்’ என்றும் இரண்டாவதைப் ‘புதர் டைபஸ்’ என்றும் அழைத்தார்கள். கடை டைபஸ் எலித் தெள்ளால் பரவுவது என்பது பின்னர் உறுதியானது. கிங்ஸ்பரியின் வித்து ஏன் தன் இனத்திலிருந்து மாறுபட்டிருந்தது என்பது அன்று அவர்களுக்குப் பெரிய பொருட்டல்ல. அந்த மாறாட்டம்தான் தோட்டக் காய்ச்சலுக்கு ஒரு சோதனையைக் கொடுத்தது. ஓஎக்ஸ்-கே உலகமெங்கும் போனது. கிங்ஸ்பரி யார் என்பது மறந்துபோனது.

ஜப்பானில் நதிக்கரை வயல்களில் பேன் கடித்து வரும் காய்ச்சலுக்குச் சுட்சுகமுஷி என்று ஏற்கெனவே பெயர் இருந்தது. மலாயாவின் புதர் டைபஸும் அதுவும் ஒன்றா? பொருக்கு தெரிந்தால் சுட்சுகமுஷி, தெரியாவிட்டால் புதர் டைபஸ் என்று சில காலம் பிரித்தே வைத்திருந்தார்கள். ரேமண்ட் லூத்வெயிட்டும் இந்திய மருத்துவர் எஸ். ஆர். சவூரும் கோலாலம்பூரில் வருஷக்கணக்காகச் செய்த விலங்குச் சோதனைகள் அந்தப் பிரிவினையை முடித்துவைத்தன. ஒன்றிலிருந்து பிழைத்த விலங்குக்கு மற்றது வருவதில்லை. இரண்டும் ஒரே நோய். 1940-ல் ‘லான்செட்’ இதழில் அந்த முடிவு வந்தது. காலனிய ஆய்வகக் கட்டுரைகளில் இந்தியப் பெயர்கள் அடிக்குறிப்பாகக் கரைந்துபோன காலத்தில் சவூரின் பெயர் கட்டுரையின் தலையில் நின்றது.

பெயர் தெரிந்ததே தவிர மருந்து இல்லை. படுத்தவர் பிழைப்பது அவர் உடம்பைப் பொறுத்தது. இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலும் நியூ கினியிலும் சிப்பாய்கள் இதே காய்ச்சலில் விழுந்தபோதுதான் வல்லரசுகளுக்கு இதில் அக்கறை பிறந்தது. பேன் அண்டாமல் சீருடையில் தேய்க்க ரசாயனம் கண்டுபிடித்தார்கள். புல்வெட்டுத் தொழிலாளி இடுப்பில் ஒரு கந்தையோடு அதே புதரில் கால் நூற்றாண்டாக நின்றுகொண்டிருந்தார் என்பதை இங்கே சொல்லாமல் போக முடியாது.

1948 மார்ச்சில் ஜோசப் ஸ்மடெல் தலைமையில் ஓர் அமெரிக்க ராணுவ மருத்துவக் குழு கோலாலம்பூருக்கு வந்தது. கையில் குளோரோமைசெட்டின் என்ற புது மருந்து. வெனிசுவேலாவின் காரக்காஸ் அருகே எடுத்த மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து முந்திய ஆண்டுதான் பிரித்தெடுத்திருந்தார்கள். அதைச் சோதிக்கச் சிலாங்கூரைவிடப் பொருத்தமான இடம் இல்லை: நோயாளிகள் தொடர்ந்து வந்தார்கள், கண்டுபிடிக்க ஓஎக்ஸ்-கே இருந்தது, நெடுநாள் அனுபவத்தோடு லூத்வெயிட்டும் சவூரும் இருந்தார்கள். இரண்டு வாரம் எரிக்கும் காய்ச்சல் ஒன்றிரண்டு நாளில் இறங்கியது. மருந்து தின்றவர்கள் பிழைத்தார்கள்.

அதைவிடப் பெரிய செய்தி, தவறான வார்டில் படுத்தவர்களிடமிருந்து வந்தது. புதர் டைபஸ் என்று எண்ணி மருந்து கொடுக்கப்பட்ட ஓரிருவருக்கு உண்மையில் இருந்தது டைஃபாய்டு. ‘டைஃபாய்டு’ என்றாலே ‘டைபஸ் போன்றது’ என்றுதான் பொருள். இரண்டையும் பிரித்தறிய 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இங்கே அந்தப் பழைய குழப்பமே கைகொடுத்தது. அந்த ஓரிருவரும் தேறினார்கள். அதுவரை டைஃபாய்டுக்கு மருந்தென்று எதுவும் கிடையாது. குழுவின் தியோடர் வுட்வர்ட், உள்ளூர் மருத்துவர்களான கிரீன், மங்கிக்கர் ஆகியோரோடு சேர்ந்து, தெரிந்தே டைஃபாய்டு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தார். பத்துப் பேரைப் பற்றிய முதல் அறிக்கை அதே ஆண்டில் வெளியானது. உலகத்தில் எத்தனையோ வீடுகளில் ஒரு பிள்ளையைப் பறித்துக்கொண்டிருந்த நோய்க்கு முதல் மருந்து வேலை செய்வது தெரிந்த ஊர் கோலாலம்பூர் என்பதை மலேசியப் பாடநூல்கள் ஒரு பத்தியாவது ஒதுக்கிச் சொல்லலாம்.

குளோரோமைசெட்டினின் இடத்தை இப்போது டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் பிடித்துவிட்டன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 794 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு, முற்றிய புதர்க் காய்ச்சலுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்று 2023-ல் காட்டியது. அதேபோல வெயில்-ஃபெலிக்சும் கிழடு தட்டிவிட்டது; அது தவறவிடும் நோயாளிகள் ஏராளம் என்பதால் பெரிய மருத்துவமனைகள் வேறு சோதனைகளுக்குப் போய்விட்டன. 1995-ல் கிருமியையும் ரிக்கெட்சியா பேரினத்திலிருந்து பிரித்து ‘ஓரியன்ஷியா’ என்றார்கள். கீழ்த்திசைக்காரி என்பது போல ஒரு பெயர். யாருக்குக் கிழக்கு என்று கேட்கத் தோன்றினாலும், அது வகைப்பாட்டியலாரின் பாடு.

நோயாளி அருகே நிற்கும் மருத்துவருக்கு இந்தப் புதுப் பெயரால் ஒரு பயனும் இல்லை. ‘புதர்’ என்ற பழைய பெயர்தான் அவருக்கு உதவும். அதில் ஊர் இல்லை, ஆள் இல்லை, கிருமி இல்லை. நோயாளி பத்து நாளைக்கு முன்னால் எங்கே நின்றார் என்ற கேள்வி இருக்கிறது. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் எழுதும் ‘உண்ணிக் காய்ச்சல்’ இந்த விஷயத்தில் வழிதவறச் செய்கிறது. உண்ணி என்றதும் வீட்டு நாயையும் மாட்டையும் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று நிம்மதியாகிவிடுவார்கள். மழைக்குப் பின் கொல்லையில் வளர்ந்த புல்லில் உட்கார்ந்ததை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

சிலாங்கூரின் நிலைமை வேறு வகை. மலேசியாவில் டெங்கி அதிகம் பதிவாகும் மாநிலம் இதுதான். காய்ச்சல் என்று வருபவருக்கு முதலில் டெங்கிச் சோதனை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது இல்லை என்று வந்த பிறகு என்ன என்பதில்தான் சிக்கல். 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி டைபஸ் அறிவிக்க வேண்டிய நோய்தான். ஆனால் சந்தேகிக்காத நோயை யாரும் அறிவிக்க மாட்டார்கள். அறிவிக்காத நோய் கணக்கில் வராது. கணக்கில் வராததை அடுத்த மருத்துவரும் சந்தேகிக்க மாட்டார்.

முன்பு தோட்டத்துக்கு ஒரு டிரசர் இருந்தார். ஆங்கில மருத்துவம் அரைகுறையாகத் தெரிந்தவர் என்று கேலிக்கு ஆளானவர்தான். ஆனால் மாரிமுத்து எந்தத் தீம்பாரில் (தோட்டப் பிரிவில்) புல் வெட்டுகிறார், முனியம்மா எந்த நிரையில் உதிரிப்பழம் பொறுக்குகிறார் என்பது அவருக்குத் தெரியும். தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிபட்டு, தமிழ்க் குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போன பிறகு, வட சிலாங்கூரில் குலை வெட்டுபவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேபாளிகளும். காய்ச்சல் கண்டால் அவர்கள் போவது நகரத்து கிளினிக்குக்கு. அங்கிருக்கும் இளம் மருத்துவர் செம்பனைத் தோட்டத்துக்குள் கால் வைத்தே இருக்கமாட்டார். நோயாளிக்கு மொழி தெரியாது, முதலாளிக்கு அவசரம்.

மறுநடவு நடக்கும் நிலத்தில்தான் லாலானும் எலியும் பேனும் மறுபடி ஒன்று கூடும். எந்தத் தோட்டம், இளம்பனையா முதிர்ந்ததா, எத்தனை நாளாக அங்கே வேலை என்ற மூன்று கேள்விகளை வட சிலாங்கூரின் கிளினிக் அட்டைகளில் அச்சடித்து வைக்கச் சுகாதார அமைச்சு உத்தரவிடலாம். மூன்றையும் மலாய், வங்காளம், நேபாளி மொழிகளிலும் போட்டால் பதில் கிடைக்கும். இளம்பனை என்று பதில் வந்து, டெங்கி இல்லை என்று முடிவும் வந்தால், ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் அன்றைக்கே டாக்சிசைக்ளினைத் தொடங்கிவிடலாம். ஒரு மாத்திரையின் விலை சில காசுகள்.